ஆய்வக விலங்குகளுக்கான ஒழுக்கநெறி அனுமதி: திருகோணமலையிலிருந்து விண்ணப்பிப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் சித்த மருத்துவமோ பிரயோக விஞ்ஞானமோ படித்துக்கொண்டு, ஒரு மருந்தை எலியில் சோதித்துப் பார்க்கும் ஆய்வுக்கு முதன்முறையாக முன்மொழிவு எழுதப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் இந்த வழியால் போனபோது படிவம் கிடைத்தது, மாதிரி விண்ணப்பங்கள் கிடைத்தன, ஆனால் எதை முதலில் செய்ய வேண்டும் என்று ஒழுங்காகச் சொல்ல ஒருவரும் கிடைக்கவில்லை. அதனால் வீணாகும் மாதங்கள் உங்களுக்காவது மிஞ்சட்டும்.

தொடங்குமுன் ஒன்றை விளங்கிக்கொள்ளுங்கள். ஒழுக்கநெறிக் குழு உங்கள் இரக்க குணத்தை அளப்பதற்காக இருப்பதல்ல. விலங்கு கூண்டுக்குள் வந்து இறங்கும் நேரத்திலிருந்து அதன் உடல் அப்புறப்படுத்தப்படும் நேரம்வரை ஒவ்வொரு நாளும் யார், எதை, எவ்வளவு, எதைக்கொண்டு செய்யப்போகிறார் என்பது தாளில் இருக்கிறதா என்றுதான் அது பார்க்கிறது. "விலங்குகள் மனிதாபிமானத்துடன் நடத்தப்படும்" என்ற வசனத்தை எத்தனை இடத்தில் எழுதினாலும், ஞாயிற்றுக்கிழமை மாலை தண்ணீர்ப் போத்தலை யார் நிரப்புவார் என்ற கேள்விக்கு அது பதிலாகாது.

விளக்கத்திற்காக ஓர் உதாரணத்தையே கடைசிவரை எடுத்துச் செல்கிறேன்: ஆவாரைக் குடிநீர் (ஆவாரையைக் காய்ச்சி எடுக்கும் சித்த மருத்துவக் கஷாயம்), நீரிழிவு ஏற்படுத்தப்பட்ட விஸ்டார் என்ற ஆய்வக வகை எலிகளின் இரத்தச் சர்க்கரையைக் குறைக்கிறதா என்று 28 நாட்கள் பார்க்கும் ஆய்வு. உங்கள் மருந்தும் நோயும் வேறாக இருந்தாலும் கணக்குப் போடும் முறை மாறாது.

1. விலங்கு உண்மையிலேயே வேண்டுமா என்று முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள்

பதிலீடு (விலங்குக்குப் பதில் வேறு முறை), குறைப்பு (விலங்குகளின் எண்ணிக்கையைக் குறைத்தல்), மேம்படுத்தல் (விலங்கின் துன்பத்தைத் தணித்தல்) என்ற மூன்றையும் பற்றிப் படிவத்தில் தனித்தனியே கேட்பார்கள். அவற்றுள் பதிலீட்டுக்கு விடை எழுதுவதற்காகவாவது, விலங்கில்லாத சோதனைகளை முன்கூட்டிச் செய்து முடித்துவிடுங்கள். நீரிழிவு மருந்தென்றால் ஆல்ஃபா அமைலேஸ், ஆல்ஃபா குளுக்கோசிடேஸ் நொதித் தடுப்புச் சோதனைகளைச் சாதாரண இரசாயன ஆய்வுகூடத்திலேயே செய்யலாம். அவற்றுக்கு விலங்கு அனுமதி தேவையில்லை. அந்த முடிவு கையில் இருந்தால், "இதற்கு மேல் அறிய வேண்டியது முழு உடலில் மட்டுமே தெரியும்" என்று சொல்ல உங்களுக்கு ஆதாரம் இருக்கும். இல்லாவிட்டால் குழு அதையே முதலில் செய்துவரச் சொல்லும், அப்படிச் சொல்வது நியாயமும்கூட.

ஆய்வேட்டுக்கு விலங்குச் சோதனை இருந்தால்தான் மதிப்பு என்ற எண்ணம் நம்மிடையே உண்டு. பட்டப்படிப்பின் இறுதியாண்டு ஆய்வுக்குக் கிடைக்கும் காலத்தில் நொதிச் சோதனையும் மூலிகைத் தரப்படுத்தலும் ஒழுங்காகச் செய்தாலே போதும் என்பது என் கருத்து.

ஆய்வு மீனிலோ தவளையிலோ என்றாலும் அனுமதி வேண்டும். முதுகெலும்புள்ள எல்லாவற்றுக்கும் வேண்டும். காட்டிலிருந்தோ களப்பிலிருந்தோ பிடிக்கும் உயிரினமானால், ஒழுக்கநெறி அனுமதியோடு வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியும் தேவைப்படுமா என்று திணைக்களத்திடமே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

2. எழுதுவதற்கு முன்பே இடத்தையும் குழுவையும் உறுதிசெய்யுங்கள்

பலரும் முன்மொழிவை முழுக்க எழுதி முடித்த பிறகே விலங்கை எங்கே வைப்பது என்று யோசிக்கத் தொடங்குகிறார்கள். அது தலைகீழ். இடம் மாறினால் வெப்பநிலை, கூண்டின் அளவு, பராமரிப்பவர், மிருக வைத்தியர், எந்தக் குழுவுக்கு விண்ணப்பிப்பது, செலவு என எல்லாமே மாறும்.

வழி இரண்டு உண்டு. மருத்துவ பீடமோ மிருக வைத்திய பீடமோ உள்ள வேறொரு பல்கலைக்கழகத்தின் விலங்குக் கூடத்தில் இடம் கேட்டு, அங்கே போய்த் தங்கி ஆய்வைச் செய்வது ஒன்று. இங்கேயே ஓர் அறையை ஒழுங்குபடுத்துவது மற்றது. முதலாவதில் தங்குமிடச் செலவு கூடும், ஆனால் பயிற்சி பெற்ற பராமரிப்பாளரும் வைத்தியரும் ஏற்கெனவே இருப்பார்கள். ஒருமுறை மட்டும் செய்யும் ஆய்வுக்கு முதலாவதே நல்லது என்று தயங்காமல் சொல்வேன்.

இங்கேதான் செய்யவேண்டும் என்றால் அறையைப் பற்றி வீறாப்பில்லாமல் எழுதுங்கள். எலிக்கு 22 பாகை செல்சியஸ், கூடவோ குறையவோ 3 பாகை, 12 மணிநேர வெளிச்சம், 12 மணிநேர இருள் என்றுதான் எல்லா விண்ணப்பங்களும் சொல்கின்றன. மே முதல் செப்டெம்பர்வரை கச்சான் காற்று அடிக்கும் நாட்களில் பின்னேரம் இரண்டு மணிக்கு நம்முடைய அறைகள் எப்படியிருக்கும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. ஆகவே உயர்வு தாழ்வு இரண்டையும் காட்டும் வெப்பமானி ஒன்றை அந்த அறையில் தொங்கவிட்டு, குளிரூட்டி ஓடும்போதும் நிறுத்தியபோதும் இரண்டு வாரத்துக்கு அளவுகளைக் குறித்து, அந்தத் தாளையே இணைப்பாகக் கொடுங்கள். மின்வெட்டு வந்தால் மின்பிறப்பாக்கி அந்த அறையின் குளிரூட்டிக்கும் மின்சாரம் கொடுக்குமா, அல்லது விளக்குகளுக்கு மட்டுமா என்பதை மின்னியலாளரிடம் கேட்டு எழுதுங்கள். அநேகமான கட்டடங்களில் குளிரூட்டி அந்த இணைப்பில் இருப்பதில்லை.

கூண்டைப் பொறுத்தவரை, 200 முதல் 300 கிராம் எடையுள்ள எலிக்குத் தலைக்கு 187 சதுர சென்ரிமீற்றர் தரையும், 300 முதல் 400 கிராம் எடைக்கு 258 சதுர சென்ரிமீற்றரும், உயரம் ஏறக்குறைய 18 சென்ரிமீற்றரும் வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவு. விலங்கு வரும்போது உள்ள எடைக்கல்ல, ஆய்வு முடியும்போது இருக்கப்போகும் எடைக்குக் கணக்குப் போடுங்கள். எலி கூட்டமாக வாழும் பிராணி. தனித்தனியே அடைக்கப்போகிறீர்கள் என்றால் காரணம் காட்ட வேண்டும். கூண்டின் மூடி துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். மலிவான கம்பி மூடி கடற்கரை உப்புக்காற்றில் ஒரு மாரிக்குள் துருவேறிவிடும்.

குழுவை அடுத்ததாகத் தீர்மானியுங்கள். மருத்துவ பீடங்கள் பலவற்றில் ஒழுக்கநெறி மீளாய்வுக் குழுக்கள் உள்ளன. இலங்கை உயிரியல் நிறுவகத்திலும் ஒரு குழு இயங்குகிறது. ஆனால் மனிதர்கள் மீதான ஆய்வுகளை மட்டும் பார்க்கும் குழுவும் உண்டு, விலங்கு ஆய்வுகளையும் சேர்த்துப் பார்க்கும் குழுவும் உண்டு. விலங்கு இருக்கப்போகும் நிறுவனம் தன் குழுவின் அனுமதியைக் கேட்கலாம், நீங்கள் பதிந்திருக்கும் நிறுவனம் தன்னுடையதைக் கேட்கலாம். இரண்டு இடத்துக்கும் மின்னஞ்சல் அனுப்பி, ஒன்றின் அனுமதியை மற்றது ஏற்குமா என்பதற்கு எழுத்தில் பதில் பெற்றுக் கோவையில் போட்டு வையுங்கள். தொலைபேசியில் சொன்னது ஆறு மாதத்திற்குப் பிறகு ஒருவருக்கும் நினைவிருக்காது.

3. மிருக வைத்தியரைக் கடைசியில் தேடாதீர்கள்

விண்ணப்பத்தில் பொறுப்பான மிருக வைத்தியரின் பெயரும் ஒப்பமும் இருக்க வேண்டும். ஒப்பத்துக்காக மட்டும் அவரிடம் போவது பெரிய நட்டம். மயக்க மருந்தின் அளவு, வலியின் அடையாளங்கள், எந்த நிலையில் ஆய்வை நிறுத்துவது என்ற மூன்றையும் அவரோடு இருந்து எழுதினால் குழுவின் கேள்விகளில் பாதி எழாமலே போகும். கெற்றமினும் சைலசீனும் போன்ற மயக்க மருந்துகளை நீங்களாகக் கடையில் வாங்கிவிட முடியாது; அவர் பொறுப்பில்தான் பெறவும் வைத்திருக்கவும் வேண்டும். எந்த நேரத்தில் அழைத்தால் வருவார், அவர் ஊரில் இல்லாத நாளில் யார் வருவார் என்பதையும் கடிதத்திலேயே எழுதி வாங்குங்கள்.

4. எலிகளின் எண்ணிக்கைக்குக் கணக்குக் காட்டுங்கள்

"ஒரு குழுவுக்கு ஆறு எலிகள், முந்தைய ஆய்வுகளில் செய்ததுபோல" என்பது விண்ணப்பங்களைத் திருப்பி அனுப்பவைக்கும் வசனங்களில் முதன்மையானது. முந்தைய ஆய்வுகளிலிருந்து சராசரியையும் நியம விலகலையும் எடுக்க முடிந்தால், 80 வீத வலுவும் 5 வீத முக்கியத்துவ மட்டமும் வைத்து மாதிரி அளவைக் கணியுங்கள். ஜிபவர் என்ற இலவச மென்பொருள் இதற்குப் போதும். அப்படிப்பட்ட தரவு கிடைக்காத புது மருந்தானால், மொத்த விலங்குகளின் எண்ணிக்கையிலிருந்து குழுக்களின் எண்ணிக்கையைக் கழித்தால் வருவது 10க்கும் 20க்கும் இடையில் இருக்க வேண்டும் என்ற விதியைப் பயன்படுத்தலாம். அதைப் பயன்படுத்தியதன் காரணத்தையும் ஒரு வரியில் சொல்லுங்கள்.

நம் உதாரணத்தில் குழுக்கள் ஐந்து: நோயில்லாத கட்டுப்பாட்டுக் குழு, மருந்தில்லாத நீரிழிவுக் குழு, கிளிபென்கிளமைட் என்ற வழக்கமான நீரிழிவு மருந்தைப் பெறும் குழு, குடிநீரைக் குறைந்த அளவிலும் கூடிய அளவிலும் பெறும் இரண்டு குழுக்கள். ஒன்றுக்கு ஆறு எலி வைத்தால் 30. ஐந்தைக் கழித்தால் 25, எல்லையைத் தாண்டிவிடுகிறது. ஒன்றுக்கு ஐந்து வைத்தால் 25. ஐந்தைக் கழித்தால் 20, எல்லைக்குள் நிற்கிறது. வழக்கமாக எழுதும் ஆறு இங்கே பொருந்தவில்லை என்பதைக் கவனியுங்கள்.

கணக்கு அத்தோடு முடியவில்லை. நீரிழிவை ஏற்படுத்த ஸ்ட்ரெப்டோசோட்டோசின் ஊசி போட்டால் எல்லா எலிகளுக்கும் நீரிழிவு வராது; சில இறந்தும் போகலாம். ஆறில் ஒன்று அப்படித் தவறும் என்று எடுத்துக்கொண்டால், நீரிழிவுள்ள 20 எலிகளுக்காக 24க்கு ஊசி போட வேண்டும். கட்டுப்பாட்டுக் குழுவின் ஐந்தையும் கூட்ட 29. இந்த 29ஐத்தான் விண்ணப்பத்தில் கேட்க வேண்டும். 25 என்று எழுதி அனுமதி பெற்றுவிட்டு, குறைந்தபோது இன்னும் நான்கை வாங்கிச் சேர்ப்பது அனுமதியை மீறுவதாகும். ஊசி போட்டும் சர்க்கரை உயராத எலிகளை என்ன செய்வீர்கள் என்பதையும் கூடவே எழுதுங்கள். அதைக் கேட்காத குழுவை நான் பார்க்கவில்லை.

எலிகளைக் குழுக்களுக்குப் பிரிப்பது எழுமாற்றாக நடக்க வேண்டும். "எழுமாற்றாகப் பிரிக்கப்படும்" என்று மட்டும் எழுதாமல், கணினியில் எண் வரிசை உருவாக்கியா, சீட்டுக் குலுக்கியா என்பதைச் சொல்லுங்கள். கூண்டுக்குள் கை விட்டு முதலில் அகப்பட்டதை முதல் குழுவில் போடுவது எழுமாற்றல்ல. மந்தமான எலிதான் முதலில் அகப்படும். இழையத் துண்டங்களை நுணுக்குக்காட்டியில் பார்ப்பவருக்கு எந்தக் குழு என்று தெரியாமல் வைப்பது எப்படி என்றும் ஒரு வரி இருக்கட்டும். பிற்காலத்தில், விலங்கு ஆய்வுகளை எப்படி எழுதி வெளியிடுவது என்று சொல்லும் அரைவ் வழிகாட்டியின்படி கட்டுரை எழுதும்போது இவை எல்லாம் கேட்கப்படும்; 2020இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பை இப்போதே பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினால் பிறகு வேலை மிச்சம்.

5. மருந்தின் அளவை மனித அளவிலிருந்து கணியுங்கள்

சித்த மருத்துவத்திலிருந்து வருபவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. 60 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் நாளொன்றுக்கு இரு வேளையாக 120 மில்லிலீற்றர் குடிநீர் குடிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிலோவுக்கு 2 மில்லிலீற்றர். மனித அளவை எலிக்கு மாற்ற 6.2ஆல் பெருக்குவது வழக்கம் என்பதால், எலிக்குக் கிலோவுக்கு 12.4 மில்லிலீற்றர் வரும். தினமும் வாய்வழிக் குழாயால் கொடுக்கும்போது கிலோவுக்கு 10 மில்லிலீற்றரைத் தாண்டாமல் இருப்பதே நல்ல நடைமுறை. நாள் அளவே இப்படித் தாண்டுகிறது என்றால், கூடிய அளவு பெறும் குழுவுக்கு என்ன செய்வது?

அதனால் குடிநீரை உலர்த்தி வரும் சத்தை எடையிட்டுப் பயன்படுத்த வேண்டும். 120 மில்லிலீற்றரிலிருந்து 3 கிராம் உலர் சத்துக் கிடைத்தால், மனிதருக்குக் கிலோவுக்கு 50 மில்லிகிராம். எலிக்கு 310 மில்லிகிராம். 250 கிராம் எலிக்கு 77.5 மில்லிகிராம், அதை 2.5 மில்லிலீற்றர் நீரில் கரைத்துக் கொடுக்கலாம். கரைகிறதா, வண்டலாக நிற்கிறதா, ஊசியை அடைக்கிறதா என்று எலி வருவதற்கு முன்பே பாருங்கள். உலர்த்தும்போது ஆவியாகும் கூறுகள் போய்விடுமே என்று சித்த மருத்துவப் பேராசிரியர் கேட்பார். குழாயின் கொள்ளளவு பற்றி மிருக வைத்தியர் கேட்பார். இருவருக்கும் ஏற்ற விடையை முன்மொழிவிலேயே வையுங்கள்.

உடனடி நச்சுத்தன்மைச் சோதனை ஏற்கெனவே வெளியாகியிருந்தால் அதைச் சுட்டிக்காட்டி விலங்குகளை மிச்சப்படுத்துங்கள். இல்லாவிட்டால் ஓஈசிடி (பொருளாதார ஒத்துழைப்பு, அபிவிருத்தி அமைப்பு) வெளியிட்ட 423ஆம் வழிகாட்டியின்படி, பாதுகாப்பானது என்று நம்பக் காரணமுள்ள மருந்துக்கு, கிலோவுக்கு 2000 மில்லிகிராம் என்ற எல்லைச் சோதனையை மூன்று மூன்றாக ஆறு எலிகளில் செய்து 14 நாட்கள் கவனிக்கலாம். இதற்குப் பெரும்பாலும் பெண் எலிகள், நீரிழிவுச் சோதனைக்குப் பெரும்பாலும் ஆண் எலிகள். இந்த ஆறையும் மொத்த எண்ணிக்கையில் சேர்க்க மறவாதீர்கள்.

மூலிகையை அடையாளங்கண்டதற்கான சான்றும் வேண்டும். பேராதனைத் தாவரவியல் பூங்காவிலுள்ள தேசிய உலர்தாவரச் சேமிப்பகத்தில் மாதிரியைக் கொடுத்துப் பெறலாம். பூவும் இலையுமாக ஒழுங்காக அழுத்தி உலர்த்திய கிளையைக் கொண்டுபோங்கள். கடையில் வாங்கிய சருகை வைத்து யாராலும் அடையாளம் சொல்ல முடியாது.

6. எலியின் நாட்களை ஒவ்வொன்றாக எழுதுங்கள்

முன்மொழிவின் உயிர்நாடி இந்தப் பகுதிதான். நாள் என்று ஒரு நிரல், நேரம், செயல், செய்பவர், விலங்குக்கு ஏற்படக்கூடிய துன்பம், அதைத் தணிக்கும் வழி என்று மேலும் ஐந்து நிரல்கள் போட்டு ஓர் அட்டவணை எழுதுங்கள். படிவம் கேட்காவிட்டாலும் இணையுங்கள்.

உதாரணத்தில் அது இப்படிப் போகும். எலிகள் வந்து முதல் ஏழு நாட்கள் இடத்துக்குப் பழகும். அந்நாட்களில் தினமும் கையில் எடுத்துப் பழக்க வேண்டும், இல்லாவிட்டால் குழாய் செலுத்தும் முதல் நாளே போராட்டமாகும். ஸ்ட்ரெப்டோசோட்டோசினைச் சிற்றிரேற்றுத் தாங்கற் கரைசலில் அப்போதைக்கப்போது கரைத்து உடனே செலுத்த வேண்டும். ஊசிக்குப் பிந்திய முதல் நாளில் சதையியில் இருந்த இன்சுலின் ஒரேயடியாக வெளியேறிச் சர்க்கரை அபாயமாக இறங்கக்கூடும். எனவே அன்றிரவு குளுக்கோசுக் கரைசலைக் குடிக்கக் கொடுப்பதாக எழுதுங்கள், இரவில் எத்தனை மணிக்கு யார் போய்ப் பார்ப்பார் என்பதையும் எழுதுங்கள். 72 மணிநேரத்துக்குப் பிறகு வால் நுனியில் ஒரு துளி இரத்தமெடுத்துச் சர்க்கரை பார்க்க வேண்டும்.

அடுத்து வரும் நான்கு வாரங்களைத்தான் அநேகர் "மருந்து தினமும் கொடுக்கப்படும்" என்று ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள். நீரிழிவுள்ள எலி சாதாரண எலியைவிடப் பல மடங்கு தண்ணீர் குடிக்கும், அவ்வளவுக்குச் சிறுநீரும் கழிக்கும். மாலையில் நிரப்பி வைத்த போத்தல் காலையில் வெறுமையாக இருக்கும். கூண்டில் போட்ட உமியோ மரச்சீவலோ விடியும்போது சேறுபோல் கனத்து, அமோனியா நெடி கண்ணில் கரிக்கும். சாதாரண எலிக்கு வாரத்துக்கு இரண்டு முறை படுக்கை மாற்றினால் போதும், இவற்றுக்குத் தினமும் மாற்ற வேண்டும். போத்தலும் கூண்டுக்குக் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். இந்த இரண்டு வரியும் உங்கள் விண்ணப்பத்தில் இருந்தால், அந்த எலியை முன்னே பார்த்தறிந்த ஒருவர் எழுதியது என்று குழு கண்டுகொள்ளும்.

சனி, ஞாயிறு, பொங்கல், சித்திரை வருடப்பிறப்பு ஆகிய நாட்களில் யார் வருவார் என்று பெயரோடு எழுதுங்கள். கல்விசாரா ஊழியர்களின் பணிப்பகிஷ்கரிப்பு வந்தால் வாயிற்கதவும் விலங்கு அறையும் திறக்கப்படுமா, திறப்பு யாரிடம் என்பதையும் எழுத வேண்டும். நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களில் இது கற்பனைக் கேள்வி அல்ல. பராமரிப்பவருக்கான கட்டளைத் தாள் அவர் வாசிக்கும் மொழியில், தமிழோ சிங்களமோ, அறைச் சுவரில் இருக்கட்டும்.

இரத்தம் எடுப்பதற்கு எல்லை உண்டு. எலிக்கு உடலெடையில் கிலோவுக்கு ஏறக்குறைய 64 மில்லிலீற்றர் இரத்தம். 250 கிராம் எலிக்கு 16. உயிரோடிருக்கும்போது ஒரு தடவையில் அதன் பத்தில் ஒரு பங்கான 1.6 மில்லிலீற்றருக்கு மேல் எடுக்கக்கூடாது. ஈரல், சிறுநீரகச் சோதனைகளுக்குத் தேவைப்படும் கூடுதல் இரத்தத்தை இறுதி நாளில் ஆழ்ந்த மயக்கத்தில் இதயத்திலிருந்து எடுப்பதாக எழுதுங்கள்.

7. எப்போது நிறுத்துவீர்கள், எப்படி முடிப்பீர்கள்

ஆய்வு முடியும் நாள்வரை எல்லா எலிகளையும் வைத்திருப்பேன் என்பது ஏற்கப்படாது. தினமும் நிரப்பும் மதிப்பெண் தாள் ஒன்றை இணையுங்கள்: எடை, மயிரின் நிலை, கூனல், கண்ணையும் மூக்கையும் சுற்றிய செந்நிறக் கசிவு, அசைவு, உண்ணுதல். தொடக்க எடையில் 10 வீதம் குறைந்தால் நாளுக்கு இருமுறை பார்ப்பது, 15 வீதத்தில் வைத்தியரை அழைப்பது, 20 வீதத்தில் அந்த எலியை ஆய்விலிருந்து எடுத்து வலியின்றி முடிப்பது என்று படிப்படியாக எழுதலாம். நீரிழிவே எடையைக் குறைக்கும் நோயாதலால், "நோயின் இயல்பு" என்று சொல்லிக் கடைசிவரை விட்டுவைக்க இடமிருக்கிறதா என்று குழு குறிப்பாகப் பார்க்கும்.

முடிக்கும் முறையில் ஒரு பொறி இருக்கிறது. பழைய ஆய்வேடுகள் பலவற்றில் ஈதரும் குளோரோபோமும் இருக்கும். அவற்றைப் பார்த்து எழுதினால் விண்ணப்பம் அந்த இடத்திலேயே நிற்கும். இரண்டுமே இன்று ஏற்கப்படுவதில்லை. மயக்க மருந்தின் மிகை அளவு, அல்லது ஆழ்ந்த மயக்கத்தில் இரத்தமெடுத்து முடிப்பது ஏற்கப்படும். காபனீரொட்சைட்டு என்றால் உருளையிலிருந்து, அறையின் கொள்ளளவில் நிமிடத்துக்கு 30 முதல் 70 வீதம் என்ற வேகத்தில் செலுத்த வேண்டும், ஆகவே பாய்ச்சல்மானி வேண்டும். இறந்ததை எப்படி உறுதிசெய்வீர்கள் என்பதையும் எழுதுங்கள். உடல்களை எரிக்க வைத்தியசாலையின் எரியூட்டியைப் பயன்படுத்துவதானால், அந்த வைத்தியசாலையின் சம்மதக் கடிதம் வேண்டும். வளவுக்குள் புதைப்பேன் என்று எழுதிவிடாதீர்கள்.

8. ஆவணங்கள்

முகப்புக் கடிதம், நிரப்பிய படிவம், முழு முன்மொழிவு, மேற்பார்வையாளரின் ஒப்பம், திணைக்களத் தலைவரும் பீடாதிபதியும் தரும் பரிந்துரை, ஆய்வாளர் எல்லோரினதும் தற்குறிப்பு, விலங்கைக் கையாளப் பயிற்சி பெற்றதற்கான சான்று, மிருக வைத்தியரின் கடிதம், விலங்குக் கூடத்தின் சம்மதம், விலங்கு வழங்குபவரின் கடிதம், மூலிகைச் சான்று, இரசாயனங்களின் பாதுகாப்புத் தாள்கள், கழிவு அகற்றுவோரின் சம்மதம், நாள் அட்டவணை, மதிப்பெண் தாள், வரவுசெலவு. எல்லாக் குழுவும் எல்லாவற்றையும் கேட்பதில்லை, ஆனால் கேட்டபின் தேடினால் அடுத்த கூட்டம் தவறிவிடும்.

இவற்றில் நீண்ட காலமெடுப்பது பயிற்சிச் சான்று. குழாய் செலுத்தும் ஊசியை இதற்கு முன் தொட்டதேயில்லை என்றால், கூடமுள்ள பல்கலைக்கழகத்தில் அனுபவமுள்ளவரின் கண்முன்னால் பழகி, அவரிடமே ஒரு கடிதம் வாங்குங்கள். விலங்கைக் கையாளப்போகும் ஒவ்வொருவருக்கும் அது வேண்டும். மேற்பார்வையாளருக்கு இருப்பது உங்களுக்கு உதவாது.

படிவம் ஆங்கிலத்தில் இருக்கும். அதிலுள்ள பொதுமக்களுக்கான சுருக்கத்தை விஞ்ஞானம் படிக்காத உறுப்பினர் ஒருவர் வாசிப்பார். முதலில் அதை வீட்டில் அம்மாவுக்கோ மாமாவுக்கோ தமிழில் வாயால் சொல்லிப் பாருங்கள், அவர் கேட்கும் கேள்விகளுக்குப் பதிலையும் சேர்த்து எழுதுங்கள். மூத்தவர்களின் விண்ணப்பத்தைப் பிரதியெடுத்துத் திருத்துபவர்கள், பெயர்களையாவது ஒருமுறை சரிபாருங்கள்: எலியாகத் தொடங்கி நான்காம் பக்கத்தில் சுண்டெலியாக மாறும் முன்மொழிவுகள் ஒன்றிரண்டல்ல.

9. செலவு

விலைகள் மாறிக்கொண்டேயிருப்பதால் அளவுகளைச் சொல்கிறேன். விலைக்கூறலை நீங்கள் வாங்குங்கள். எலி ஒன்று நாளுக்கு ஏறக்குறைய 20 கிராம் தீவனம் உண்ணும். 29 எலிக்கு ஆறு வாரத்தில் 24 கிலோவுக்குச் சற்று மேல். நீரிழிவு எலி அதிகம் உண்ணும், சிந்தவும் செய்யும். 30 கிலோ என்று போடுங்கள். சர்க்கரை பார்க்கும் பட்டிகள் தொடக்கத்தில் 29, 72 மணிநேரத்தில் 29, பிறகு வாரம் ஒருமுறை 25 பட்டிகளாக நான்கு தடவை, ஆக 158. 50 கொண்ட பெட்டி நான்கு வாங்க வேண்டும், நான்கும் ஒரே தொகுதி எண்ணாக இருக்கட்டும்.

கையைக் கடிப்பது ஸ்ட்ரெப்டோசோட்டோசின்தான். விலையும் கூட, உறைநிலையில் வரவும் வேண்டும். கொள்வனவுப் பிரிவூடாக வரவழைப்பதற்கு மாதங்கள் ஆகலாம். வந்து இறங்கும் நாளில் அதை உறைபெட்டியில் வைக்க ஆள் இருக்கிறாரா என்றும் பாருங்கள். அடுத்தது போக்குவரத்து. பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து எலி வாங்கினால், கொழும்பிலிருந்து ஹபரணை வழியாக இங்கே வர ஏறக்குறைய 260 கிலோமீற்றர். குளிரூட்டிய வான் ஒன்றில், வெயில் ஏறுமுன் வந்து சேரும்படி புறப்பட வேண்டும். இரவு புகையிரதத்திலோ பேருந்திலோ பெட்டியை மடியில் வைத்துக் கொண்டுவரலாம் என்று யாராவது சொன்னால் காது கொடுக்காதீர்கள். தண்ணீர் சிந்தாமலிருக்க வெள்ளரிக்காய்த் துண்டோ கட்டிக்கூழோ பெட்டிக்குள் வைப்பார்கள். இதையும் பயணப் பகுதியில் எழுதுங்கள். குழுவின் மீளாய்வுக் கட்டணம், வைத்தியரின் வருகை, இழையச் சோதனை, பிரதியெடுப்பு ஆகியவை மிச்சம்.

10. காலம்

பின்னாலிருந்து கணக்குப் போடுங்கள். குழுக்கள் பெரும்பாலும் மாதம் ஒருமுறை கூடும், கூட்டத்துக்குச் சில வாரங்கள் முன்பே விண்ணப்பம் மூடப்படும். முதல் முறையிலேயே அனுமதி கிடைப்பது அரிது. திருத்தத்துக்கு ஒரு சுற்றாவது போகும் என்று வைத்து, விண்ணப்பத்துக்கு ஆறு மாதத்தை ஒதுக்குங்கள். எலிகளுக்கும் முன்பதிவு வேண்டும். ஒரே வயது, ஒரே எடையுள்ள 29 ஆண் எலிகள் கேட்ட அன்றே கிடைக்காது. அனுமதிக் கடிதம் இல்லாமல் விலங்கு தரமாட்டார்கள், ஆனால் எப்போது தர முடியும் என்பதை முன்னரே சொல்வார்கள்.

இங்கேயே செய்வதானால், ஊசி போடும் கிழமையை மாரியின் உச்சமான நவம்பர், டிசெம்பருக்கும் கச்சான் மாதங்களுக்கும் வெளியே, பெப்ரவரி, மார்ச்சில் வைக்கப் பாருங்கள். வீதி வெள்ளத்தில் அடைபட்டால் தீவனமும் வராது, வைத்தியரும் வரமாட்டார்.

11. குழுவின் பதில் வந்த பிறகு

திருத்தம் கேட்டு வரும் கடிதத்துக்கு, ஒவ்வொரு கேள்வியையும் எண்ணிட்டுப் பிரதி செய்து, அதன் கீழே பதிலையும் மாற்றிய பக்க எண்ணையும் எழுதி அனுப்புங்கள். ஏற்க முடியாத ஆலோசனை இருந்தால் காரணத்தோடு மறுக்கலாம். அதற்காக யாரும் கோபிப்பதில்லை. பதில் சொல்லாமல் தாண்டிவிட்ட கேள்விக்குத்தான் அடுத்த சுற்று.

அனுமதி கிடைத்த திகதிக்கு முன் ஓர் எலியையும் தொடாதீர்கள். செய்து முடித்த ஆய்வுக்குப் பின்னோக்கி அனுமதி எந்தக் குழுவும் தராது. மருந்தின் அளவு, விலங்கின் எண்ணிக்கை, ஆய்வாளர், இடம் எதை மாற்றினாலும் மாற்றுவதற்கு முன் குழுவுக்கு எழுதுங்கள். எதிர்பாராத இறப்பு நடந்தால் குழு சொன்ன கால எல்லைக்குள் வைத்தியரின் குறிப்போடு அறிவியுங்கள். அனுமதியின் காலாவதித் திகதியை நாட்காட்டியில் குறித்து, தேவைப்பட்டால் அதற்கு இரண்டு மாதம் முன்பே நீடிப்புக் கேளுங்கள். தினசரிப் பதிவேடு, மதிப்பெண் தாள்கள், எலி வாங்கிய பற்றுச்சீட்டு, எரியூட்டியின் சிட்டை எல்லாவற்றையும் ஒரே கோவையில் வையுங்கள். ஆய்வேட்டின் முறையியல் பகுதியில் குழுவின் முழுப் பெயர், அனுமதி எண், திகதி ஆகியவற்றை எழுதி, கடிதத்தின் பிரதியைப் பின்னிணைப்பில் சேருங்கள். சஞ்சிகைகள் அந்த எண்ணைத்தான் முதலில் கேட்கும்.